விமான மொடலில் நிறம் பிழைத்தால்: புதுப் போத்தல் வாங்குமுன் பார்க்கவேண்டியவை

"அண்ணை, பச்சை பிழைச்சுப் போச்சு. வேற போத்தல் எடுக்கட்டோ?"

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்குப் படத்தோடு அனுப்பிய செய்தி. படத்தில் 1/72 (உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) அளவு ஸ்பிற்ஃபயர் ஒன்று, மேசை விளக்கின் கீழே, ஈரம் காயாத பச்சையோடு நிற்கிறது. நான் திருப்பிக் கேட்டது மூன்றே கேள்வி. என்ன வெளிச்சத்தில பாக்கிறாய்? கீழ என்ன பிறைமர் (அடிப்பூச்சு)? காஞ்சிட்டுதோ? மூன்றுக்கும் பதில் எழுதி முடிப்பதற்குள் போத்தல் கதை நின்றுவிட்டது. விடிய முற்றத்தில் வைத்து எடுத்த படத்தில் அந்தப் பச்சைக்கு ஒரு குறையும் இல்லை.

வன்னியில் இருந்து மொடல் செய்கிறவனுக்கு ஒரு போத்தல் பெயின்ற் லேசில் வருகிற சாமான் இல்லை. கொழும்பில் இருந்து பஸ் பார்சலில் வரவேண்டும், அல்லது லண்டனில் இருந்து வருகிற சித்தப்பாவின் பெட்டியில் வரவேண்டும். ஆகவே நிறம் பிழைத்தால் கடைசியாகச் சந்தேகப்படவேண்டியது போத்தலை. என் அனுபவத்தில் பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி வெளிச்சம், அடிநிறம், மினுக்கம் இந்த மூன்றில் ஒன்று. மிச்சம் நாங்களே கலந்து கெடுத்தது.

முதலில் ஒரு கரண்டி

யோகட் கப்போடு தருகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் கரண்டியை எறியாதீர்கள். ஒவ்வொரு போத்தல் வந்ததும் ஒரு கரண்டியின் முதுகில் பிறைமர், அதன்மேல் அந்த நிறம், காய்ந்தபின் ஒரு பாதிக்குப் பளபளப்பு வார்னிஷ், மறு பாதிக்கு மங்கல் வார்னிஷ். காம்பில் நம்பரை எழுதி, ஓட்டை போட்டு, மீன் கோர்வை மாதிரி நைலோன் நூலில் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்டியின் வளைவு விமான உடம்பைப் போலவே வெளிச்சத்தை வாங்கும். தட்டையான அட்டையில் இது தெரியாது.

கீழே சொல்லப்போகும் எந்த அறிகுறிக்கும் முதல் வேலை, மொடலில் கை வைக்காமல் கரண்டியில் அதையே திரும்பச் செய்து பார்ப்பது. கரண்டியிலும் பிழைத்தால் கலவையைப் பாருங்கள். கரண்டியில் சரி, மொடலில் மட்டும் பிழை என்றால் அடிநிறத்தையும் மேற்பரப்பையும் பாருங்கள். இரண்டும் இரவில் பிழைத்துப் பகலில் சரியானால் தலைக்கு மேலே தொங்குகிற பல்ப்பைப் பாருங்கள்.

இரவில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம்

இதை எனக்குப் படிப்பித்தது ஒரு நீலத் தறப்பாள். வீட்டின் பின்பக்கப் பத்தியில் மேசை போட்டு, வெயிலுக்குத் தறப்பாள் கட்டி வேலை செய்த காலம். ஹரிக்கேன் விமானம் ஒன்றுக்கு டார்க் ஏர்த் என்ற மண்ணிறம் அடித்தேன். தமியா கம்பனியின் எக்ஸ்எஃப்-52. காய்ந்ததும் பார்த்தால் உயிரில்லாத, சாம்பல் பிடித்த கபிலம். இதென்ன மண் என்று சிவப்பு மூன்று துளி விட்டேன். பிறகு மஞ்சள். பிறகு இன்னும் சிவப்பு. தறப்பாளுக்குக் கீழே அது வடிவான மண்ணிறமாக வந்து நின்றது. பின்னேரம் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைத்தால் சுட்ட செங்கல்! பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பிளேனுக்கு ஓடு போட்டிருக்கிறீர்?" என்றார்.

நீலத் தறப்பாளுக்குள்ளால் வருகிற வெளிச்சத்தில் சிவப்புக் குறைவு. கபில நிறம் கபிலமாகத் தெரிவதே அது சிவப்பைத் திருப்பி அனுப்புவதால்தான். வராத சிவப்பை அது எங்கிருந்து அனுப்பும்? மாமரத்துக்குக் கீழே இருந்து அடித்தால் இதே கதை பச்சையில் நடக்கும். மஞ்சள் பல்ப்பில், அதாவது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் வகையில், மண்ணிறங்கள் எல்லாம் கொழுத்துத் தெரியும், நீலச் சாம்பல்கள் செத்துப்போகும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டு சாம்பல் நிறங்கள் ரியூப் லைற்றில் அச்சொட்டாக ஒன்றுபோலத் தெரிந்து, வெயிலில் இரண்டாகப் பிரியும். இரண்டும் வேறு வேறு நிறமிகளால் செய்யப்பட்டவை, ஆகவே ஒரு வெளிச்சத்தில் பொருந்துவது மற்றதில் பொருந்தாது. வேறு வேறு கம்பனிப் பெயின்றை ஒரே விமானத்தில் கலந்து அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

தீர்வு சுலபம். காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் 5000 முதல் 6500 கெல்வின் வரையான எல்ஈடி பல்ப் ஒன்று போடுங்கள். பெட்டியில் சிஆர்ஐ என்ற எண், அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, 90க்கு மேல் இருந்தால் நல்லது. நிறம் கலக்கும் வேலையை மட்டும் இரவில் வைக்காதீர்கள். போனில் வந்த படத்தைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவது அதைவிட மோசம்: ஒரு திரை, ஒரு கமரா, ஒரு பழைய ஃபிலிம் என்று மூன்று பொய் சேர்ந்து உங்கள் கையில் இருக்கிறது.

ஈரத்தில் சரி, காய்ந்ததும் இருண்டுவிட்டது

வலேஹோ போன்ற தண்ணீர் அக்ரிலிக்கில் இது பிழையே இல்லை. பிசின் ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. அந்த வெள்ளை போனதும் நிறம் ஒரு படி இறங்கும். கோப்பையில் பார்த்துக் கலக்காதீர்கள். கரண்டியில் தடவி, காயவிட்டு, பிறகு அடுத்த துளி.

வெளிறிப்போய், அடியில் உள்ளது தெரிகிறது

போத்தலைக் குலுக்கவில்லை. சொட்டு மூக்குப் போத்தலில் நிறமி அடியில் படிந்திருக்க, முதல் சொட்டுகளில் பிசின் மட்டும் வரும். இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

குலுக்க வசதியாக இருக்கும் என்று நான் சைக்கிள் கடையில் ஒரு போல்ஸ் வாங்கி வெள்ளைப் போத்தலுக்குள் போட்டேன். நல்ல டக்டக் சத்தம். சில மாதம் கழித்துத் திறந்தால் வெள்ளை பழந்துணி நிறமாகியிருந்தது. தண்ணீர் பெயின்றுக்குள் இரும்பு துருப்பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு போத்தல் செலவு. இப்போது தங்கச்சியின் அறுந்த மாலையில் இருந்து எடுத்த கண்ணாடி மணிதான் உள்ளே கிடக்கிறது.

பெயர் சரி, நிறம் வேறு

இதுதான் ஆளை அதிகம் விழுத்துகிற இடம். ஆறுதலாகப் பார்ப்போம். பெயரை நம்பாதீர்கள், நம்பரை நம்புங்கள். தமியாவில் எக்ஸ்எஃப்-61ம் டார்க் கிறீன், எக்ஸ்எஃப்-81ம் டார்க் கிறீன். பிரித்தானிய விமானப்படைக்கு என்று செய்தது 81. அதன் தம்பிகள்தான் 82 ஓஷன் கிறேயும் 83 மீடியம் சீ கிறேயும். கடைக்காரரிடம் போனில் "டார்க் கிறீன் ஒண்டு" என்று சொன்னால் எது வரும் என்பது அவரின் கைக்கு எட்டுகிறதைப் பொறுத்தது. எனக்கு 61 வந்தது. பிழை அவரில் இல்லை, நம்பர் சொல்லாத என்னில்.

அடுத்தது 'ஸ்கை'. 1940 நடுப்பகுதியில் ஸ்பிற்ஃபயர், ஹரிக்கேன் வயிற்றுக்கு வந்த நிறத்தின் பெயர் இது. ஸ்கை என்றால் வானம், வானம் என்றால் நீலம் என்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆகாய நீலத்தை வாங்கி அடித்துவிடுவார்கள். உண்மையில் அது வெளிறிய, மஞ்சள் கலந்த பச்சை. விரியாத வாழைக்குருத்தை நிழலில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வரும். தமியா எக்ஸ்எஃப்-21 அந்தப் பெயரில் இருக்கிறது. என் கண்ணுக்கு அதில் மஞ்சள் கொஞ்சம் கூட. நான் வெள்ளை கலந்துதான் அடிக்கிறேன்.

அமெரிக்க ஜெற் செய்கிறவர்கள் எஃப்எஸ் என்ற அமெரிக்க அரச நிற நம்பரை வாசிக்கப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும். ஐந்து இலக்கம். முதல் இலக்கம் மினுக்கம்: 1 பளபளப்பு, 2 இடைநடு, 3 மங்கல். இரண்டாவது நிறக் குடும்பம்: 0 கபிலம், 1 சிவப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்று இலக்கமும் ஏறத்தாழ வெளிச்ச வரிசை, எண் கூடக் கூட வெளிறும். எஃப்-16க்கு வருகிற 36118, 36270, 36375 மூன்றையும் எடுங்கள். மூன்றுமே மங்கல் சாம்பல். 36118 முதுகுக்குப் போகிற இருட்டு, 36375 வயிற்றுக்குப் போகிற வெளிறல். நிற அட்டை ஒன்றும் கையில் இல்லாமலே எது எதற்கு மேலே என்று சொல்லிவிடலாம். யாரோ தந்த மாற்று அட்டவணையில் 34102க்கு நேரே ஒரு சாம்பல் போத்தல் எழுதியிருந்தால் அட்டவணை பிழை, ஏனென்றால் இரண்டாவது இலக்கம் 4, அது பச்சையாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் விமான அமைச்சின் ஆர்எல்எம் நம்பரில் இந்த வசதி இல்லை. 74, 75, 76 என்று மெசர்ஷ்மிற் 109க்கு வருகிற மூன்றையும் மனப்பாடம்தான் பண்ணவேண்டும்: பச்சை ஓடுகிற கடுஞ்சாம்பல், ஊதா ஓடுகிற சாம்பல், வெளிறிய நீலச் சாம்பல்.

மொடல் பாகங்கள் வருகிற கிற் பெட்டிக்குள் இருக்கிற தாளும் தன் வீட்டுப் பெயின்றையே சொல்லும். எயார்ஃபிக்ஸ் தாளில் ஹம்ப்ரோல் நம்பர், ரெவெல் தாளில் ரெவெல் நம்பர், அதுவும் பல தடவை இத்தனை வீதம் இது, இத்தனை வீதம் அது என்று கலவைக் கணக்காக. அந்தக் கணக்கை வேறு கம்பனிப் போத்தலில் போட்டால் விடை வராது. தாளின் கலவையை விட்டுவிட்டு உண்மை விமானத்தின் நிறப் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கு உங்கள் கம்பனியில் எந்த நம்பர் என்று பாருங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு ஆறுதலும் சொல்லவேண்டும். 1941 ஆகஸ்டில் பிரித்தானியப் பகல்நேரச் சண்டை விமானங்களில் டார்க் ஏர்த்தை நீக்கி ஓஷன் கிறே அடிக்கச் சொன்னார்கள். அந்தப் பெயின்ற் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருமுன் தளங்களில் என்ன செய்தார்கள்? ஏழு பங்கு மீடியம் சீ கிறேக்கு ஒரு பங்கு கறுப்பு கலந்து அடித்தார்கள். வாளியில், கையால். ஒரு தளத்தின் ஏழு பங்கு மற்றத் தளத்தின் ஏழு பங்குக்குச் சரியாக இருந்திருக்குமா? உங்கள் சாம்பல் அரைப் படி தள்ளிப் போயிருந்தால் நித்திரையை விடாதீர்கள்.

வட்டத்துக்குள் சிவப்பு இல்லை, டெக்கல் பிழையோ?

டெக்கலில், அதாவது ஒட்டுப்படத்தில், பிழை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்த பிரித்தானிய விமானங்களின் அடையாள வட்டத்தில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். யப்பான் விமானத்தில் இருந்தது சிவப்பு வட்டம். தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டதும் சொந்த ஆளையே சுடாமல் இருக்கத்தான் இந்த மாற்றம். அந்தப் போர்க்காலத்தில் வவுனியாவில் நின்ற பியூஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்தைச் செய்ய விரும்புகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் தாக்குதலின்போது சீனன்குடாவில் இருந்து கிளம்பிய ஹரிக்கேனைச் செய்கிறீர்கள் என்றால் சிவப்பு இருக்கவேண்டும். மாற்றம் அதற்குப் பிறகுதான்.

மஞ்சள் பச்சையாகிறது

அடியில் கறுப்போ கடுஞ்சாம்பலோ இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் மூடும் சக்தி குறைந்த நிறங்கள். இறக்கையின் முன்விளிம்பு மஞ்சள், புறொப்பெல்லர் நுனி மஞ்சள் எல்லாவற்றுக்கும் முதலில் வெள்ளை. சிவப்புக்கு அடியில் வெளிறிய ரோஸ் போட்டால் இரண்டு பூச்சிலேயே நிற்கும்.

தொட்டால் சொரசொரப்பு, பார்த்தால் சுண்ணாம்பு

சோளகம் வீசுகிற மாதங்களில், காற்றால் பெயின்ற் தெளிக்கிற எயார்பிறஷ் வைத்திருப்பவர்களுக்கு வருகிற வருத்தம். பெயின்ற் துளி ஊசியை விட்டு வெளிக்கிட்டு மொடலில் போய் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. பரவவேண்டிய துளி மணலாக ஒட்டுகிறது. அந்த மணலில் வெளிச்சம் சிதறுவதால் நிறமும் ஒரு படி வெளிறித் தெரியும். ஆகவே நிறம் மாறிவிட்டது என்று இருட்டுக் கலக்காதீர்கள். மேற்பரப்பைச் சரிசெய்தால் நிறம் தானாக வரும்.

கிட்ட வாருங்கள், பத்து சென்ரிமீற்றருக்குள். காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. தின்னரைக் கூட்டுங்கள். தமியா என்றால் நான் குளிர் காலத்தில் ஒன்றுக்கு ஒன்று, சித்திரை, வைகாசியில் பெயின்ற் ஒன்றுக்கு தின்னர் இரண்டுவரை போவேன், காய்வதைத் தாமதிக்கிற ரிற்றாடர் இரண்டு துளியும் சேர்த்து. நேரமும் முக்கியம். விடிய ஆறு மணிக்கு அடித்தால் வராத பிரச்சினை பதினொரு மணிக்கு வரும். காற்றும் விடியத்தான் ஓய்ந்திருக்கும். செம்புழுதி எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கனவே சொரசொரத்துப் போனதை 2000 நம்பர் சான்ட் பேப்பரால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, ஒரு மெல்லிய பூச்சு.

கலக்கும்போதே திரைந்துவிட்டது, அல்லது காயவே மாட்டேன் என்கிறது

தமியா அக்ரிலிக் அல்ககோலில் கரையும். அதன் சொந்தத் தின்னர் எக்ஸ்-20ஏ. வலேஹோ தண்ணீர்ச் சாதி, அதற்குள் அல்ககோல் விட்டால் எலுமிச்சம்புளி விட்ட பால் மாதிரித் திரையும். எயார்பிறஷுக்குள் திரைந்தால் அன்றைய வேலை கழுவுவதுதான். இரண்டு சாதியையும் ஒரே கோப்பையில் கலக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று, காய்ந்தபிறகு அடிப்பதில் குற்றமில்லை.

காயாத பிசுபிசுப்பு வேறு விஷயம். தமியாவுக்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, மருந்துக்கடையில் "ஸ்பிரிற்" கேட்டு வாங்கி ஊற்றினால் இது வரும். கையில் கிடைத்தது சேர்ஜிக்கல் ஸ்பிரிற். தோலுக்குப் பூசுகிற அதில் ஆமணக்கெண்ணெய் கலப்பதுண்டு. அல்ககோல் பறந்துவிடும், எண்ணெய் எங்கே போகும்? நிறத்துக்குள்ளேயே இருந்து கைரேகை பிடிக்கும், தூசி பிடிக்கும், ஒரு மாதம் ஆனாலும் விலகாது. நல்ல ஐசோபுரொப்பைலில் கழற்றித் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. போத்தல் லேபிளில் ஐசோபுரொப்பைல் என்று எழுத்தில் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு பயணக் குறிப்பு. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் தமியாவையோ லாக்கரையோ சொல்லிவிடாதீர்கள். எரியும் திரவம், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வலேஹோ தண்ணீரில் செய்தது, பெட்டியில் போட்டு வரலாம். என் சித்தப்பா விமான நிலையத்தில் ஆறு போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, நான்தான் போட்டேன் என்பது மாதிரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நிறம் சரி, ஆனால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது

ஏ9 வீதியில் நின்று வயலுக்கு அப்பால் தெரிகிற பனங்கூடலைப் பாருங்கள். கிட்டப் போனால் கடும் பச்சை ஓலை. இங்கிருந்து பார்த்தால் நீலம் படிந்த, வெளிறிய சாம்பற்பச்சை. நடுவில் இருக்கிற காற்று செய்த வேலை அது. 1/72 மொடலை ஐம்பது சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது உண்மை விமானத்தை 36 மீற்றரில் நின்று பார்ப்பதற்குச் சமம். 1/48 என்றால் 24 மீற்றர். ஆனால் உங்கள் மேசையில் அந்த 36 மீற்றர் காற்று இல்லை. அதைப் பெயின்றில்தான் கலக்கவேண்டும்.

எவ்வளவு என்பதில் சண்டை உண்டு. 1/72க்குப் பதினைந்து வீதம், 1/48க்குப் பத்து வீதம் வெள்ளை என்று கணக்குச் சொல்வார்கள். எனக்கு அது கூட. வெள்ளையை அப்படியே விட்டால் பச்சை பால்பச்சையாகிவிடும், மண்ணிறம் ரோஸ் அடிக்கும். பச்சைக்கு வெளிறிய சாம்பல், மண்ணிறத்துக்குத் தோல்நிறம் அல்லது மணல்நிறம், பத்து துளிக்கு ஒன்று. அதோடு நிறுத்துங்கள்.

சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் அலுமாரியில் வையுங்கள். ரயருக்குக் கறுப்பு அடித்தால் அது ஒரு ஓட்டை மாதிரித் தெரியும். ஏ9இல் ஓடி வந்த லொறியின் ரயரைப் போய்ப் பாருங்கள், அதில் கறுப்பு எங்கே இருக்கிறது? தமியா எக்ஸ்எஃப்-85 அல்லது 69 நல்லது.

மிக் விமானத்தின் கொக்பிற்றுக்குள் நீலப்பச்சை அடித்துவிட்டு, இது விளையாட்டுச் சாமான் நிறமாக இருக்கிறதே என்று கலங்குகிறவர்களும் உண்டு. கலங்கவேண்டாம். சோவியத்காரர் உண்மையாகவே அந்த நிறம்தான் அடித்தார்கள்.

வயிறு இவ்வளவு வெளிறாது, நான் கண்ணால் கண்டனான்

எங்கள் ஊரில் மட்டும் கேட்கக்கூடிய முறைப்பாடு இது. சண்டை விமானத்தைப் படத்தில் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் சந்தேகம் வராது. எங்களுக்கு வரும். எந்த ஜெற் வந்தாலும் எங்கள் வாயில் அது கிபிர்தான், இலங்கை விமானப்படையின் குண்டுவீச்சு ஜெற்றின் பெயர். பங்கர் வாசலில் இருந்து நான் கண்ட கிபிர் கறுப்பு. திரும்பும்போது ஒரு கணம் வெள்ளி. வேறு நிறமே என் ஞாபகத்தில் இல்லை.

ஞாபகம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது பெயின்றின் நிறமும் இல்லை. பட்டப்பகல் வானம் மிகப் பிரகாசமான திரை. அதன் முன்னால் நிழலில் இருக்கிற வயிறு எந்த நிறமாக இருந்தாலும் கண் அதைக் கறுப்பாகத்தான் எடுக்கும். அந்தக் கறுப்பைக் குறைக்கத்தான் வயிற்றுக்கு வெளிறிய நீலமும் சாம்பலும் அடிக்கிறார்கள். மீனின் வயிறு வெள்ளையாக இருப்பதும் இதே நோக்கத்தில்தான். வியட்நாம் காலத்து ஃபாந்தம் ஒன்று செய்தேன். முதுகில் 30219 மண்ணிறம், 34102, 34079 என்று இரண்டு பச்சை, வயிறு 36622, கிட்டத்தட்ட வெள்ளை. அம்மா அதை மேசையில் இருந்து தூக்கிப் பார்த்தா. அது அமெரிக்கன்ர, எங்களுக்கு மேல பறந்தது இல்லை என்று சொன்னேன். காதில் விழவில்லை. "முதுகில இப்பிடிப் பச்சையும் மண்ணும் இருக்குமோ? நாங்கள் வயித்தை மட்டும்தானே கண்டனாங்கள்" என்றா. பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

ஆகவே செய்முறை: வயிற்று நிறம் வெளிறல் என்று தோன்றினால் இருட்டுக் கலக்காமல், மொடலை வெளியில் கொண்டுபோய்த் தலைக்கு மேலே பிடித்து வானத்தோடு பாருங்கள். மேசையில் வெள்ளையாகக் கிடந்தது அங்கே இருண்டு நிற்கும்.

கடைசி வார்னிஷ் அடித்ததும் எல்லாம் மாறிவிட்டது

பளபளப்பு நிறத்தை ஆழமாக்கும், மங்கல் நிறத்தை வெளிறச் செய்யும். மழை நனைத்த வீதியும் காய்ந்த வீதியும் மாதிரி. அதனால்தான் கரண்டியை இரண்டு பாதியாகச் செய்யச் சொன்னேன். நிறத்துக்குத் தீர்ப்பு, கடைசிப் பூச்சு எதுவோ அதற்குக் கீழேதான்.

வெளிறல் இல்லை, பனி படிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது என்றால் அது ஈரம். கார்த்திகை, மார்கழி மழைக்குள் ஸ்பிறே டின் எடுக்காதீர்கள். நடந்துவிட்டால் பயப்படவேண்டாம், வெயில் எறித்த ஒரு நாளில் மேலே பளபளப்பு ஒரு பூச்சு அடித்தால் பல தடவை பனி கரைந்துவிடும். பிறகு மங்கல். மங்கல் வார்னிஷ் போத்தலை நன்றாகக் கலக்காமல் அடித்தாலும் இதே வெள்ளை வரும், அடியில் படிந்த தூள் திட்டாக விழுவதால்.

டெக்கலைச் சுற்றி வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. சொரசொரப்பான மங்கல் பூச்சின்மேல் ஒட்டியதால் அடியில் காற்று நிற்கிறது. ஊசியால் குத்தி, டெக்கல் மென்மையாக்கும் திரவம் விடுங்கள். அடுத்த தடவை பளபளப்பு முதலில், டெக்கல் பிறகு.

மறைப்புக்கு ஒட்டிய ரேப்பை உரித்ததும் நிறமும் சேர்ந்து வந்துவிட்டது

பாகங்களைக் கழுவவில்லை, அல்லது பிறைமர் இல்லை. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வலேஹோவுக்குப் பிறைமர் கட்டாயம். ரேப்பை ஒட்டுமுன் புறங்கையில் இரண்டு தரம் ஒட்டி எடுத்தால் பசை தணியும்.

அதே போத்தல், ஆனால் திருத்திய இடம் தெரிகிறது

எயார்பிறஷால் அடித்த இடத்தில் பிறஷால் தொட்டால் தெரியத்தான் செய்யும். பூச்சுத் தடிப்பு வேறு, மினுக்கம் வேறு, அதற்குள் பழசாகக் காட்ட நீங்கள் மேலே நீர்க்கப் பூசிய அழுக்கு நிறமும் வேறு. பொட்டாகத் தொடாதீர்கள். தகடுகள் பொருந்துகிற பனல் கோட்டில் இருந்து அடுத்த பனல் கோடு வரை அந்தத் துண்டு முழுவதையும் அடியுங்கள். உண்மை விமானத்திலும் ஒரு தகடு மாற்றினால் அது தனியாகத்தான் தெரியும், ஆகவே கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

வெள்ளை, சாம்பல் என்று ஏதாவது கலந்து அடித்தவர்கள் மிச்சத்தை ஊற்றிவிடாதீர்கள். கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல் வெறுமையானதும் கழுவி எடுத்து, அதற்குள் மிச்சத்தை விட்டு, எத்தனை துளிக்கு எத்தனை துளி என்று மேலே எழுதி ஒட்டுங்கள். ஒட்டுசுட்டான் தம்பி இப்போது இறக்கை நுனியை மேசைக்கால் உரசிய ஸ்பிற்ஃபயரோடு வந்து நிற்கிறான். கலவை ஊற்றுப்பட்டுவிட்டது, கணக்கு எழுதவில்லை. முழு இறக்கையும் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன், ஞாயிறு விடிய ஆறு மணிக்கு.